லினக்ஸுக்குத் தமிழ்ச் செயலி எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

அகராதி, எழுத்துரு மாற்றி, தட்டச்சுப் பயிற்சி, பிழைதிருத்தி, படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் கருவி என்று நீங்கள் எழுதும் செயலிகளைப் பிறருடைய கணினிகளில் நிறுவித் தருகிறவர்கள் நாங்கள். செயலிக்குள் நீங்கள் செய்திருக்கும் வேலையைப் பற்றி எங்களுக்குக் குறை எதுவும் இல்லை. செயலி முடிந்தபின் செய்ய வேண்டிய அரைநாள் வேலை ஒன்று பாக்கி கிடக்கிறது. அதைச் செய்து தாருங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

செயலி ஜிப்பாக வருகிறது. கூடவே ஒரு ரீட்மீ: விரித்துக்கொள்ளவும், டெர்மினலைத் திறந்து அந்தக் கோப்புறைக்குப் போகவும், ‘பைத்தான்3 மெயின் டாட் பிஒய்’ என்று தட்டவும். எழுதியவருக்கு இது போதும். தமிழாசிரியருக்கோ நூலகருக்கோ போதாது. அவர்கள் மெனுவைத் திறந்து ‘அகராதி’ என்று தேடுவார்கள், வராது. சேமித்த கோப்பை இரட்டைச் சொடுக்குவார்கள். வேறு எதிலாவது திறக்கும். கணினியில் செயலி இருக்கிறது, ஆனால் அவர்களைப் பொறுத்தவரை இல்லை.

எந்த டெஸ்க்டாப்புக்கென்று செய்வது, க்னோமா, கேடிஇயா, எக்ஸ்எஃப்சிஇயா, சினமனா என்று தயங்க வேண்டாம். 2000ஆம் ஆண்டு ஹாவக் பென்னிங்டன் தொடங்கிய ஃப்ரீடெஸ்க்டாப் திட்டத்தின் பொது வரையறைகளை இவை எல்லாமே படிக்கின்றன. ஒருமுறை ஒழுங்காகச் செய்தால் நான்கிலும் வேலை செய்யும். கீழே கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்படி எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

முதல் தேவை ‘டாட் டெஸ்க்டாப்’ என்று முடியும் ஒரு சிறு உரைக்கோப்பு. பத்துப் பன்னிரண்டு வரிதான். ஒரு பயனருக்கு மட்டுமென்றால் அவருடைய ஹோமுக்குள் ‘.லோக்கல்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ்’ கோப்புறையில் இருக்க வேண்டும். எல்லாப் பயனருக்கும் என்றால் ‘/யூஎஸ்ஆர்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ்’. கோப்பின் பெயரை, இணைய முகவரியைத் தலைகீழாக எழுதும் பாணியில் ‘ஆர்க் டாட் எக்ஸாம்பிள் டாட் அகராதி’ என்பதுபோல வையுங்கள். இந்தப் பெயர்தான் செயலியின் அடையாளம். பின்னால் சாளரம், ஃபிளாட்பேக் பொதி, மென்பொருள் அங்காடி எல்லாமே இதைக் கொண்டுதான் செயலியைக் கண்டுகொள்ளும், அதனால் இடையில் மாற்றாதீர்கள்.

அதிகம் தவறுவது, ஓட வேண்டிய கட்டளையைச் சொல்லும் ‘எக்ஸெக்’ வரியில். டெர்மினலில் ஓடுகிறது, மெனுவில் சொடுக்கினால் ஒன்றும் நடப்பதில்லை என்ற புகாருக்கு மூன்று காரணங்கள் மாறி மாறி வரும்.

ஒன்று, கட்டளைகளை எந்தக் கோப்புறைகளில் தேடுவது என்று சொல்லும் பாத் மாறி. டெர்மினலைத் திறந்ததும் ‘பாஷ்ஆர்சி’ கோப்பு படிக்கப்படுகிறது; காண்டா, என்விஎம் போன்ற கருவிகள் தங்கள் வழியை அதில்தான் சேர்த்து வைத்திருக்கும். ஒரு செயலிக்கென்று நூலகங்களைத் தனியே வைக்கும் விர்ச்சுவல் என்விரான்மென்ட்டின் வழியோ, அதை ‘ஆக்டிவேட்’ செய்த டெர்மினலில் மட்டுமே இருக்கும். டெஸ்க்டாப் மெனு ‘பாஷ்ஆர்சி’யைப் படிப்பதில்லை. ஆகவே எக்ஸெக்கில் வெறும் ‘பைத்தான்3’ என்று எழுதினால் கணினியின் பொதுப் பைத்தான் ஓடும். நீங்கள் பிப்பில் நிறுவிய நூலகங்கள் அதில் இருக்காது. விர்ச்சுவல் என்விரான்மென்ட்டுக்குள் இருக்கும் பைத்தானின் முழுப் பாதையையே எழுதுங்கள். அதை ‘ஆக்டிவேட்’ செய்யத் தேவையில்லை, அந்தப் பைத்தானை நேராகக் கூப்பிட்டாலே தன் நூலகங்களை எடுத்துக்கொள்ளும்.

இரண்டு, எக்ஸெக் வரியை ஷெல் படிப்பதில்லை. ஹோமைக் குறிக்கும் அலைக்குறி, டாலர் போட்ட மாறிகள், இரண்டு கட்டளைகளை இணைக்கும் ‘&&’ எதுவும் அங்கே செல்லாது. பாதையில் இடைவெளி இருந்தால் இரட்டை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும், ஒற்றை மேற்கோள் உதவாது. இதற்கெல்லாம் சிறு ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி அதைக் கூப்பிடுவதே நிம்மதி. அந்த ஸ்கிரிப்ட் தனக்கு வரும் கோப்புப் பெயர்களைச் செயலிக்குக் கடத்தும்போது ‘டாலர் அட்’ குறியை இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள். இல்லாவிட்டால் ‘என் கட்டுரை’ என்ற ஒரு கோப்பு ‘என்’, ‘கட்டுரை’ என்று இரண்டாக உடையும்.

மூன்று, நடப்புக் கோப்புறை. மெனுவிலிருந்து ஓடும் செயலி பெரும்பாலும் பயனரின் ஹோமில் நின்றுதான் தொடங்கும். நிரலில் ‘இமேஜஸ்/லோகோ’ என்று பாதி வழியாக எழுதியிருந்தால் அது ஹோமில் தேடிப்பார்த்து, கிடைக்காமல் செத்துவிடும். டெஸ்க்டாப் கோப்பில், தொடங்கும் கோப்புறையைச் சொல்லும் ‘பாத்’ என்ற வரியைச் (மேலே சொன்ன பாத் மாறி வேறு) சேர்த்து ஒப்பேற்றலாம். ஆனால் நிரல்கோப்பு இருக்கும் இடத்தை நிரலே கண்டுபிடித்து அங்கிருந்து வழி போடுவதுதான் சரி. இப்படிச் செத்த செயலி திரையில் எதையும் சொல்லாது. ‘ஜர்னல்சிடிஎல்’ கட்டளையை ‘--யூசர்’, ‘-எஃப்’ விருப்பங்களோடு டெர்மினலில் ஓடவிட்டு, மெனுவில் சொடுக்குங்கள். பெரும்பாலும் பிழைச்செய்தி அங்கே வந்து விழும்.

எக்ஸெக் வரியின் கடைசியில் வரும் சதவீதக் குறி தமிழுக்கு இன்னும் முக்கியம். சின்ன ‘எஃப்’ என்றால் ஒரு கோப்பு. பெரிய ‘எஃப்’ என்றால் பல கோப்புகள். சின்ன ‘யூ’, பெரிய ‘யூ’ என்றால் பாதைக்குப் பதிலாக முகவரி வரும். முகவரியாக வந்தால் தமிழ்ப் பெயர் அப்படியே வராது. ‘தமிழ்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 15. முகவரியில் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு சேர்ந்து 3 எழுத்தாக விரியும். ஆக மூன்றெழுத்துச் சொல் 45 எழுத்தாகிச் செயலிக்கு வந்து சேர்கிறது. செயலி அதைக் கோப்புப் பெயர் என்று நினைத்துத் திறக்கப் பார்க்கும். ‘கோப்பு இல்லை’ என்று சொல்லும். ஆங்கிலப் பெயரில் சோதித்தவருக்கு இந்தப் பிழை கண்ணிலேயே படாது. செயலி உள்ளூர்க் கோப்புகளை மட்டும் திறக்குமென்றால் பெரிய ‘எஃப்’ போடுங்கள். சின்ன ‘எஃப்’ போட்டால், பயனர் ஐந்து கோப்புகளைத் தேர்ந்து திறக்கும்போது செயலி ஐந்து முறை தனித்தனியாகத் தொடங்கும். எதுவுமே போடாவிட்டால் சில சூழல்களில் ‘இதில் திற’ பட்டியலிலேயே செயலி வராது.

அடுத்தது பெயர். ‘நேம்’ வரி ஆங்கிலத்தில் இருக்கட்டும். அதன்கீழ் இன்னொரு நேம் வரி எழுதி, சதுர அடைப்புக்குள் ‘டிஏ’ (ta) என்ற மொழிக்குறியைப் போட்டு, தமிழ்ப் பெயரைக் கொடுங்கள். ‘டிஏ அடிக்கோடு ஐஎன்’ என்று நாட்டையும் சேர்க்காதீர்கள். கணினி முதலில் மொழியும் நாடும் பொருந்தும் வரியைத் தேடும். இல்லையென்றால் மொழி மட்டும் உள்ள வரிக்கு வரும். இந்தியா என்று எழுதிவிட்டால் இலங்கைத் தமிழ் அமைப்பில் இருக்கும் கணினிக்கு அந்த வரி பொருந்தாது, அங்கே ஆங்கிலப் பெயர்தான் தெரியும். வெறும் ‘டிஏ’ இரண்டு இடத்துக்கும் போதும். ‘ஜெனரிக்நேம்’, ‘கமென்ட்’, ‘கீவேர்ட்ஸ்’ வரிகளுக்கும் இதே முறைதான். பெயரைச் சுருக்கமாக வையுங்கள். ஐகானுக்குக் கீழே இடம் கொஞ்சம்தான். ‘தமிழ் ஆங்கில அகராதிச் செயலி பதிப்பு 2’ என்று வைத்தால் ‘தமிழ் ஆங்…’ என்று நிற்கும்.

தேடலுக்கு உதவுவது கீவேர்ட்ஸ். தமிழ் வரி இருந்தால் தமிழ் இடைமுகத்தில் அதுவே எடுத்துக்கொள்ளப்படும். ஆங்கில வரி பல சூழல்களில் பார்க்கப்படாது. நம்மவர்கள் இடைமுகத்தைத் தமிழில் வைத்துக்கொண்டு ‘டிக்‌ஷனரி’ என்று ஆங்கிலத்தில் தட்டுவதும் உண்டு. ஆகவே தமிழ்க் கீவேர்ட்ஸ் வரியிலேயே அகராதி, சொற்பொருள், நிகண்டு என்பதோடு அந்த ஆங்கிலச் சொற்களையும் ஆங்கில எழுத்தில் சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் அரைப்புள்ளி, கடைசிச் சொல்லுக்கும் சேர்த்து.

‘கேட்டகரீஸ்’ வரியை விட்டுவிட்டால் கேடிஇ உங்கள் செயலியை ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’ என்ற மூலையில் தள்ளும். அகராதிக்கு ‘ஆஃபீஸ்; டிக்‌ஷனரி;’, தட்டச்சுப் பயிற்சிக்கு ‘எஜுகேஷன்; லாங்குவேஜஸ்;’ என்று இருந்தால் போதும். முதன்மை வகை ஒன்றுக்கு மேல் கொடுத்தால் மெனுவில் இரண்டு இடத்தில் தலைகாட்டும்.

ஐகான் வரியில் பாதையோ ‘பிஎன்ஜி’ என்ற பின்னொட்டோ வேண்டாம், பெயர் மட்டும் போதும். படத்தை ‘ஐகான்ஸ்/ஹைகலர்’ கோப்புறைக்குள் அளவு வாரியாக வையுங்கள்: குறைந்தது 48க்கு 48 பிஎன்ஜி, கூடவே ‘ஸ்கேலபிள்/ஆப்ஸ்’ உள்ளே ஓர் எஸ்விஜி. பயனர் எந்தத் தீம் போட்டிருந்தாலும், அதில் கிடைக்காத ஐகானைக் கடைசியில் ஹைகலரில்தான் தேடும். வைத்தபிறகும் பழைய படமே தெரிந்தால் கேச் பழசாகக் கிடக்கிறது, ‘ஜிடிகே-அப்டேட்-ஐகான்-கேச்’ ஓட்டுங்கள். பயனரின் சொந்த ஹைகலர் கோப்புறையில் ‘இண்டெக்ஸ் டாட் தீம்’ இருக்காது, அதனால் அந்தக் கட்டளை முரண்டுபிடிக்கும். ‘-டி’ (-t) சேர்த்தால் போகும்.

இனி, பணிப்பட்டையில் ஒரே செயலி இரண்டாகத் தெரியும் தொல்லை. பயனர் உங்கள் ஐகானைப் பட்டையில் பதித்து வைத்திருக்கிறார். சொடுக்குகிறார். செயலி திறக்கிறது, ஆனால் பதித்த ஐகானின் கீழ் புள்ளி விழாமல், பட்டையின் கடைசியில் பல்சக்கரம் போட்ட இன்னொரு ஐகான் முளைக்கிறது. திறந்த சாளரம் யாருடையது என்று டெஸ்க்டாப்புக்குத் தெரியவில்லை என்று பொருள். திரையில் சாளரங்களைக் காட்டும் பழைய அமைப்பான எக்ஸ்11இல் ‘எக்ஸ்பிராப்’ என்று தட்டிச் சாளரத்தின்மேல் சொடுக்கினால் ‘டபிள்யூஎம் கிளாஸ்’ என்று இரண்டு சொற்கள் வரும். இரண்டாவதை அப்படியே, பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறாமல், ‘ஸ்டார்ட்அப்டபிள்யூஎம்கிளாஸ்’ வரியில் எழுதுங்கள். அதன் இடத்துக்கு வந்த வேலண்டில் எக்ஸ்பிராப்புக்குப் பிடிபடாத சாளரங்கள் உண்டு, உபுண்டு 21.04 முதல் இயல்பிருப்பே வேலண்ட்தான். க்னோமில் ‘ஆல்ட் எஃப்2’ அழுத்தி ‘எல்ஜி’ என்று கொடுத்தால் வரும் பெட்டியில், சாளரங்கள் பகுதியில் அந்தப் பெயரைப் பார்க்கலாம்.

நிரலிலேயே பெயரைச் சரியாக அறிவிப்பது இன்னும் நல்லது. சாளரம் வரைய நீங்கள் பயன்படுத்தும் நூலகத்தைப் பொறுத்து வழி மாறும். க்யூட்டியில் ‘செட்டெஸ்க்டாப்ஃபைல்நேம்’ என்ற அழைப்பில் டெஸ்க்டாப் கோப்பின் பெயரைப் பின்னொட்டு இல்லாமல் கொடுங்கள். ஜிடிகேயில் அப்ளிகேஷன் ஐடியும் கோப்புப் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். ஜாவா ஸ்விங் செயலியில் மெயின் கிளாஸின் முழுப் பெயர், புள்ளிகள் இணைப்புக்குறியாக மாறி வரும். டிகேஇன்டரில் ஒன்றும் சொல்லாவிட்டால் எல்லாச் செயலிக்கும் ‘டிகே’ என்ற ஒரே பெயர். நீங்கள் எழுதிய அகராதியும் வேறொருவர் எழுதிய மாற்றியும் பட்டையில் ஒரே கட்டாகச் சேர்வது இதனால்தான். ‘டிகே’ பொருளை உருவாக்கும்போது ‘கிளாஸ்நேம்’ கொடுத்தால் தீரும். முதல் எழுத்தை அது பெரிய எழுத்தாக்கிக்கொள்ளும் என்பதை நினைவில் வைத்து டெஸ்க்டாப் கோப்பிலும் அப்படியே எழுதுங்கள்.

டிகேஇன்டர் பேச்சு வந்ததால் இன்னொன்று. லினக்ஸில் டிகே 8.6 தமிழ் எழுத்தைக் கோத்து வரைவதில்லை. ‘கெ’ என்பதில் கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் நிற்கும், ‘கொ’ சிதறும். எழுத்துருவை மாற்றிப் பயனில்லை, பிழை எழுத்துருவில் இல்லை. தமிழை நிறையக் காட்டும் செயலி என்றால் க்யூட்டிக்கோ ஜிடிகேக்கோ மாறுங்கள் என்று வற்புறுத்தியே சொல்கிறோம். ஒருங்கிணைப்பை எவ்வளவு அழகாகச் செய்தாலும் ‘கெ’ உடைந்து தெரிந்தால் ஆசிரியர் அதை மாணவருக்குக் காட்ட மாட்டார்.

தட்டச்சிலும் ஒரு பொறி இருக்கிறது. பிப்பில் வரும் பைக்யூட்டி தனக்கென்று ஒரு க்யூட்டியைச் சுமந்து வருகிறது. லினக்ஸில் தமிழ் போன்ற மொழிகளைத் தட்டச்சிடத் தரும் கருவிகளில், ஐபஸ்ஸுக்கான செருகி அதற்குள் உண்டு, எஃப்சிஐடிஎக்ஸுக்கானது இல்லை. எஃப்சிஐடிஎக்ஸ் வழியாகத் தமிழ்99 தட்டுகிறவருக்கு மற்ற செயலிகளில் எல்லாம் தமிழ் வரும், உங்கள் செயலியில் மட்டும் ஆங்கிலம்தான் விழும். தமிழகராதியில் தமிழ் தட்ட முடியாது என்பதைவிடப் பெரிய குறை என்ன இருக்க முடியும்? டிஸ்ட்ரோவின் சொந்தப் பைக்யூட்டி பொதியைச் சார்பாகக் கேட்டுவிட்டால் கணினியில் உள்ள செருகி வேலை செய்யும். செயலியை ஒரே கோப்பாகத் தரும் ஆப்இமேஜ் கட்டுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

உங்கள் செயலிக்கென்று தனிக் கோப்பு வகை இருந்தால், அதற்கொரு மைம் பெயர் (கோப்பு வகையைக் குறிக்கும் பெயர்) வைத்து, சிறு எக்ஸ்எம்எல் கோப்பை ‘மைம்/பேக்கேஜஸ்’ உள்ளே போட்டு ‘அப்டேட்-மைம்-டேட்டாபேஸ்’ ஓட்டுங்கள். உள்ளே இருப்பது வெறும் உரை என்றால் ‘டெக்ஸ்ட்/பிளெயின்’ வகையின் உட்பிரிவு என்று அதில் சொல்லிவிடுங்கள். உங்கள் செயலி இல்லாத கணினியில் உரைத்திருத்தியாவது அதைத் திறக்கும். பிறகு டெஸ்க்டாப் கோப்பின் ‘மைம்டைப்’ வரியில் அந்தப் பெயரைச் சேர்த்து ‘அப்டேட்-டெஸ்க்டாப்-டேட்டாபேஸ்’. இதை ஓட்டாமல் விட்டுத்தான் பலரும் ‘வரி சரியாக இருக்கிறது, ஆனால் திறக்கவில்லை’ என்கிறார்கள். உங்களுக்குத் தேவையில்லாத வகைகளைப் பட்டியலில் அள்ளிப் போடாதீர்கள். குறிப்பாக, கோப்புறையைக் குறிக்கும் ‘ஐனோட்/டைரக்டரி’யைச் சேர்த்தால், வேறொரு செயலியில் ‘கோப்புறையைத் திற’ என்று சொடுக்குகிறவருக்குக் கோப்பு மேலாளருக்குப் பதிலாக உங்கள் செயலி வந்து நிற்கலாம்.

சேமிக்கும் இடம். நிறுவிய கோப்புறைக்குள்ளேயே அமைப்புகளை எழுதும் செயலி எழுதியவர் கணினியில் ஓடும். எல்லாருக்கும் பொதுவாக ‘/ஆப்ட்’ உள்ளே நிறுவினால் மாணவரின் கணக்குக்கு அங்கே எழுத அனுமதி இருக்காது. அமைப்புகள் ‘.கான்ஃபிக்’ உள்ளே, தரவு ‘.லோக்கல்/ஷேர்’ உள்ளே, தற்காலிகமானவை ‘.கேச்’ உள்ளே. ஆவணங்களுக்கு ‘டாக்குமென்ட்ஸ்’ என்று நிரலில் அடித்து வைக்காதீர்கள். இடைமுகம் தமிழில் உள்ள கணினியில் அந்தக் கோப்புறையின் பெயரே தமிழில் இருக்கலாம். ‘எக்ஸ்டிஜி-யூசர்-டிர்’ கட்டளையைக் கேட்டால் சரியான பாதையைச் சொல்லும்.

கட்டித் தருவதைப் பற்றிச் சுருக்கமாக. விண்டோஸில் செய்த ஜிப்பில் இயக்க அனுமதி தங்காது, லினக்ஸில் செய்த டாரில் தங்கும். விண்டோஸில் எழுதிய ஸ்கிரிப்ட்டில் வரி முடிவு வேறாக இருப்பதால் ‘பைத்தான்3\ஆர் என்ற கோப்பு இல்லை’ என்ற குழப்பமான செய்தி வரும்; ‘டாஸ்2யூனிக்ஸ்’ ஓட்டிவிட்டுக் கட்டுங்கள். ஆப்இமேஜ் தானாக மெனுவில் சேராது, அதற்குத் தனிக் கருவி வேண்டும். டெப் பொதியாகவோ ஃபிளாட்பேக்காகவோ தந்தால் மேலே சொன்ன கேச் கட்டளைகளில் பெரும்பாலானவை நிறுவும்போதே தாமாக ஓடும். அதுவும் முடியாதென்றால் நிறுவும் ஸ்கிரிப்ட் ஒன்றும், அதே அளவு அக்கறையோடு நீக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றும் தாருங்கள். ஒரே பெயரில் பயனர் கோப்புறையிலும் பொதுக் கோப்புறையிலும் டெஸ்க்டாப் கோப்பு இருந்தால் பயனருடையதே செல்லும். பழைய பதிப்பின் கோப்பு அங்கே கிடந்தால், புதிய பதிப்பைப் பொதுவில் நிறுவிய பிறகும் மெனு பழைய பாதையைத்தான் தேடிக்கொண்டிருக்கும்.

வெளியிடும் முன் ‘டெஸ்க்டாப்-ஃபைல்-வேலிடேட்’ ஓட்டுங்கள். பிறகு உங்கள் கணினியிலேயே புதிதாக ஒரு பயனர் கணக்கைத் தொடங்கி, மொழியைத் தமிழாக்கி, உள்நுழையுங்கள். டெர்மினலைத் தொடாமல் செயலியை மெனுவில் தமிழில் தேடித் திறவுங்கள். பட்டையில் ஐகான் ஒன்றுதானா என்று பாருங்கள். தமிழில் தட்டி, ‘என் முதல் கட்டுரை’ என்று இடைவெளியோடு பெயர் வைத்துச் சேமியுங்கள். செயலியை மூடிவிட்டு, கோப்பு மேலாளரில் அந்தக் கோப்பை இரட்டைச் சொடுக்குங்கள். உங்கள் செயலி, அந்தக் கட்டுரையோடு திறந்தால், அனுப்பிவையுங்கள், நாங்கள் நிறுவிக்கொள்கிறோம்.

அன்புடன்,
உங்கள் செயலிகளை நிறுவித் தருகிறவர்கள்